மூன்றாவது மாடியிலிருந்து

ஜனவரி 3, 2023

பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சுப் பயிற்சி. பா டா கா. பா டா கா. டா வரும்போது நாக்கு மேலண்ணத்தைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. மூளையில் பேச்சுக்கான இடம் நன்றாகத்தான் இருக்கிறதாம், நாக்கையும் உதட்டையும் அசைக்கிற நரம்புப் பாதைதான் அடிபட்டிருக்கிறதாம். ஸ்கேனைக் காட்டி டாக்டர் சொன்னார். சொல் உள்ளே முழுசாக இருக்கிறது. வாய் கடக்க மாட்டேன் என்கிறது.

ஜனவரி 5

புரையேறியது. தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு குடித்தும் புரையேறியது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு இவ்வளவு பயப்பட வேண்டியிருக்கிறது.

ஜனவரி 7

தம்பி பேப்பரை மடித்துக் கொண்டுவந்து மடியில் போட்டான். "அக்கா, படிச்சுச் சொல்லு." மெரினாவுக்கு எதிரே கடலுக்குள் கலைஞர் கருணாநிதிக்குப் பேனா நினைவுச் சின்னம் கட்டப் போகிறார்களாம். 31ஆம் தேதி கலைவாணர் அரங்கத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். படித்துச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவனுக்குப் படிக்க வராது. இடது விரலை வரிக்கு வரி வைத்துக் காட்டினேன். கடைசியில் தம்பி மனைவிதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். உயரம் 42 மீட்டர். செலவு 81 கோடி. நிலத்தின் மேல் 290 மீட்டர், தண்ணீரின் மேல் 360 மீட்டர் நடைபாலம்.

"360ன்னா எவ்ளோ?" என்றான் தம்பி. அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். அவனே கண்ணால் அளந்தான். "அங்கதான் நண்டு வலை விடுவோம்" என்றான். அப்புறம் பேசவில்லை.

ஜனவரி 8

ராத்திரி முழுக்க அந்த 360.

ஜனவரி 11

ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில். ஃபிசியோ பெண் கீழ்ப்படியில் நின்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். வலது பாதம் தொங்குகிறது, விளிம்பில் தட்டுகிறது. இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. எங்களுக்கு வீடு கட்டினார்கள், நல்லது. மூன்றாவது மாடியில் ஒருத்தி இப்படி ஆகிவிட்டால் எப்படி இறங்குவாள் என்று யாரிடமாவது கேட்டுவிட்டுக் கட்டினார்களா?

ஜனவரி 15

பொங்கல். பழைய மாணவன் ஒருவன் குடும்பத்தோடு வந்தான். நான் வாயைத் திறந்ததும், "பேசாதீங்க டீச்சர், கஷ்டப்படாதீங்க" என்றான். அவன் மனைவி, காது கேட்காதவளிடம் பேசுவதுபோல் சத்தமாகப் பேசினாள். நல்ல மனசுதான். ஆனால் நான் ஆரம்பித்த வாக்கியம் ஒன்று இந்த வீட்டு வாசலில் பாதியில் நிற்கிறது. அவர்கள் போன பிறகு அழுதேன். நிறுத்த முடியவில்லை. இந்த அழுகையும் நோயின் பாகம்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்றைய அழுகை நோயினால் வந்தது இல்லை.

ஜனவரி 17

காணும் பொங்கல். தம்பியும் அவன் மகனும் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே போட்ட மரப்பாதையைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். 263 மீட்டர். போன நவம்பரில் திறந்தார்கள், மாண்டஸ் புயலில் கடல்பக்க நுனி பெயர்ந்தது. கூட்டத்தில் கிட்டே போகவே முடியவில்லை. தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

ஆனால் அந்தப் பாதை எப்படி வந்தது என்பதை யோசித்துக்கொண்டே திரும்பினேன். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் தற்காலிகமாகப் பலகை போடுவார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். சக்கர நாற்காலிக்காரர்கள் விடவில்லை. வருஷக்கணக்காகக் கேட்டார்கள். கடலைத் தொட்டுப் பார்ப்பது எங்களுக்கும் உரிமை என்றார்கள். நான் டீச்சராக நடமாடிய காலத்தில் அதைச் செய்தியாகப் படித்துவிட்டுப் புரட்டியிருப்பேன். இப்போது அவர்கள் ஒவ்வொருவரையும் கும்பிடத் தோன்றுகிறது.

ஜனவரி 20

என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிப் பார்க்கிறேன்.

தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள் நான். பேனா எனக்குப் பகையா? யாருடைய பேனா என்பதும் எனக்கு வழக்கு இல்லை. இடம்தான் வழக்கு. கூவம் முகத்துவாரத்துக்குப் பக்கத்துத் தண்ணீர் வெளியே இருப்பவர்களுக்குச் சாக்கடைத் தண்ணீர். எங்கள் ஆட்களுக்கு அது மடவை மீனும் நண்டும் இறாலும். எங்கே சேறு, எங்கே கடலடிப் பாறை என்று அப்பாவுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். வெள்ளம் என்றால் எங்களுக்குக் கடல் நீரோட்டம். வாடைக் காலத்தில் வன்னி வெள்ளம், தென்றல் காலத்தில் தெண்டி வெள்ளம். எது ஓடினால் எந்த வலை என்பதற்கு அவர் காகிதத்தைப் பார்த்ததில்லை. அறிக்கைகளில் அவருக்குப் பத்தி இல்லை.

இந்த மணலே துறைமுகம் கொண்டுவந்த மணல். தெற்கே சுவர் எழுப்பினார்கள், மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தின்றது. கடலுக்குள் எதை நட்டாலும் அதற்குக் கடல் கரையில் பதில் சொல்லும் என்பது இந்த ஊருக்கு நூறு வருஷத்துக்கு மேல் தெரிந்த விஷயம்.

அப்புறம் 1985. கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரத்தையும் வலையையும் அள்ளினார்கள். டிசம்பரில் துப்பாக்கிச்சூடு. எங்கள் சனத்தில் ஐந்து பேர். அன்றைக்கு யாரும் கருத்துக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கை இருக்கிறது. ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், எழுத்து மூலமும் தரலாம், வந்தவர்கள் சொன்னதைத் தொகுத்து முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தச் சட்டம் வருவதற்கு நிறையப் பேர் கத்தியிருக்கிறார்கள். அதை வீணாக்கக் கூடாது. நான் போவேன்.

ஜனவரி 23

பிபி 168. தம்பி மனைவி போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

ஜனவரி 26

காந்தி சிலைப் பக்கம் மெட்ரோ வேலை. அணிவகுப்பை உழைப்பாளர் சிலைக்கு மாற்றிவிட்டார்கள். டிவியில் பார்த்தேன். வலது கையின் கட்டை விரல் லேசாக அசைந்தது. யாரிடமும் சொல்லவில்லை, நாளைக்கும் அசைகிறதா பார்க்க வேண்டும்.

ஜனவரி 27

அசைந்தது!

ஜனவரி 28

போனில் பேசினால் எழுத்தாக மாற்றும் வசதியை முயன்றேன். "நொச்சிக்குப்பம்" என்றேன். அது எதையோ எழுதியது. தம்பி மனைவிக்கு மட்டும் என் பேச்சு புரிகிறது. எப்படிப் புரிகிறது என்று கேட்டேன். "அண்ணி, நீங்க முடிக்கிற வரைக்கும் நான் எங்கயும் போறதில்ல, அவ்ளோதான்" என்றாள்.

ஜனவரி 31

போனோம். உடம்பு தாங்கவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 1

அரங்கம் நிறைந்து வழிந்தது. ஒருவர் மைக்கைப் பிடித்தால் எதிர்ப்பக்கம் கூச்சல். அவர்கள் முறை வந்தால் இந்தப் பக்கம் கூச்சல். எங்கள் சனத்திலேயே ஆதரவும் இருந்தது, எதிர்ப்பும் இருந்தது. அதில் தப்பில்லை. அவரவர் கடல் அவரவருக்குத் தெரியும். ஆனால் கேட்கவே முடியாமல் போனதை என்ன சொல்ல? தம்பி மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு மைக் பக்கம் வரைக்கும் நடத்தினாள். சத்தத்தில் தொண்டை இறுகிவிட்டது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். வாங்கி மற்ற தாள்களோடு வைத்தார்கள். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் கத்தியவர்கள்மேல் மட்டும் இல்லை. மைக் வைத்த மேடையில் கருத்துக் கேட்டால் குரல் உள்ளவனின் கருத்துதான் வரும். தம்பி அங்கே வந்தால் பேசுவானா? வாயே திறக்க மாட்டான். அவனிடம் கடலின் படத்தைக் கொடுங்கள், எங்கே வலை விடுகிறான் என்று விரல் வைத்துக் காட்டுவான். சாயங்காலம் குப்பத்துக்கு வாருங்கள், வலை பின்னுகிற இடத்தில் உட்காருங்கள். அண்ணா சதுக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரைக்கும் ஒவ்வொரு குப்பமாக வாருங்கள். நேரம் ஆகும். ஆகட்டுமே. 81 கோடிக்கு வேலை நடக்கப் போகிறது, நாலு சாயங்காலம் உட்கார முடியாதா?

பிப்ரவரி 2

இலங்கைப் பக்கம் தாழ்வு மண்டலம். படகு போகவில்லை. தம்பி நாள் முழுக்க வீட்டில், வாசலைப் பார்த்தபடி.

பிப்ரவரி 6

கூட்ட முடிவில் தொகுத்ததை வாசித்தார்களா? நாங்கள் அதற்குள் கிளம்பிவிட்டோம், என்னால் உட்கார முடியவில்லை. என் தாள் பதிவில் ஏறியதா?

பிப்ரவரி 9

டா வந்தது. தொடர்ந்து வந்தது. தெரபிஸ்ட் பெண் கைதட்டினாள். வீட்டுக்கு வந்ததும் போய்விட்டது.

என் தாள் ஏறியதா?

பிப்ரவரி 13

கூட்டக் குறிப்பை இணையதளத்தில் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. தம்பி மகனைத் தேடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் முடிவு எடுப்பது இங்கே இல்லை, டெல்லியில், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு. அங்கே நேராக அனுப்பினால் யார் தடுப்பது? தாளை மறுபடி எழுதினேன், இடது கையால். கோணல் எழுத்துதான், ஆனால் படிக்கலாம். தம்பி தன் பங்குக்கு ஒரு படம் வரைந்து கொடுத்தான்: கூவம், கரை, சேறு, நண்டு வலை, பாலம் வருகிற கோடு. அவன் பேனா பிடித்து நான் பார்த்ததே இல்லை. இரண்டையும் ஒரே உறையில் போட்டாகிவிட்டது. மூணு மணிக்கு மேல் பதிவுத் தபால் எடுக்க மாட்டார்களாம். தம்பி மனைவி ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறாள். இறங்கும்போது வலது கால் முதலில்