டிக்கியில் ஓர் அரிசி மூட்டை

டிக்கியைத் திறந்ததும் அப்பா கையை விரித்துச் சாண் போட ஆரம்பித்துவிட்டார்.

டாடா பஞ்ச் இவி, மின்சாரக் கார். “டிக்கி 366 லிட்டர் சார்” என்றார் ஷோரூம் தம்பி.

“லிட்டரா? பாலா ஊத்தப் போறோம்?”

20 செ.மீ. நீளம், 10 அகலம், 5 உயரம் உள்ள ஒரு லிட்டர் கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி எண்ணுவது இந்த லிட்டரை அளக்கும் ஒரு முறை. நம்மிடம் கட்டை ஏது? 25 கிலோ அரிசி மூட்டை, பெரிய சூட்கேஸ், தேங்காய்ச் சாக்கு. எல்லாம் போனது. இட்லிப் பானை மட்டும் மூடியைக் கழற்றிய பிறகுதான் உட்கார்ந்தது.

மூட்டையை விளிம்புக்கு மேல் தூக்கியபோது அப்பா ஒரு நொடி நின்றார். இடுப்பில் ஒரு கை.

அந்த உயரம் எந்த லிட்டர் கணக்கிலும் வராது.

அப்புறம், முன்னால் பானெட்டுக்கு அடியிலும் 14 லிட்டர் இடமிருக்கிறது. அங்கே அம்மா ஊறுகாய் பாட்டிலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.