முதல் வருடம் கூட ஒரு ஆள் வேணும்

என் சித்தி மகன் காரைக்குடியில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறான். இப்போது இரண்டாம் ஆண்டு. சித்தப்பாவுக்கு ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை. சித்தி, ஆர்டருக்குப் பலகாரம் செய்கிற வீடுகளுக்குக் கைமுறுக்கு சுற்றப் போவார். இருவரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவர்கள். பையன் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்ததால் சீட் கிடைப்பது பெரிய பாடாக இல்லை. சேர்ந்த பிறகு வந்த முதல் வருடம்தான் பெரும்பாடு. அதில் அவன் கூடவே இருந்ததால் இதை எழுதுகிறேன். இந்த வருடம் இப்படி ஒரு பிள்ளையை அனுப்பப் போகிற வீடுகளுக்கு ஏதாவது ஒன்று உதவினால் போதும்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கல்லூரி என்பது கண்காணாத பொருள் இல்லை. அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியது 1947இல். மறு வருடமே மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவரும் அழகப்பர்தான். 1985இல் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. பள்ளத்தூரில் கல்லூரி உண்டு, தேவகோட்டையில் உண்டு. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் காம்பவுண்டுச் சுவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். ஆனால் சுவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று வீட்டில் சொல்ல ஆள் கிடையாது. இன்டர்னல் மார்க் எதற்கு, அரியர் விழுந்தால், அதாவது ஒரு பேப்பரில் பாஸ் ஆகாமல் போனால், என்ன ஆகும், யாரிடம் போய் எதைக் கேட்கலாம் என்பதெல்லாம் படித்தவர்கள் வீட்டில் சாப்பிடும்போதே பிள்ளைகள் காதில் விழுந்துவிடும். எங்கள் வீடுகளில் அது விழாது. கல்லூரியிலும் இதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள்.

சான்றிதழ் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொறியியல் கலந்தாய்வுக்கும் அவன் விண்ணப்பித்திருந்ததால் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினோம். கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்கிறவர்களுக்குத்தான் அதனால் கட்டணச் சலுகை. "உங்க அண்ணன் மக டிகிரி முடிச்சிருக்காளே, உங்களுக்கெல்லாம் கிடைக்காது" என்று ஊரில் ஒருவர் சொல்ல, சித்தப்பா இ-சேவை மையத்துக்கே போகாமல் விட்டுவிடப் பார்த்தார். அதற்குப் பார்ப்பது தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் ஆகியோரைத்தான். பெரியப்பா மகள் பட்டதாரி என்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது. எத்தனையோ வீடுகளில் இப்படிக் காதுவழிச் செய்தியை நம்பியே கையில் இருப்பதை விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்ப் புதல்வன் பணம்தான் எங்களை அலையவைத்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டம், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பெண் பிள்ளைகளுக்கு 2022இலிருந்தே புதுமைப் பெண் இருக்கிறது. கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது, இவனுக்கு வரவில்லை. "வரும்போது வரும்க்கா" என்று சும்மா இருந்தான். வங்கியில் போய் நின்றால் கல்லூரியில் கேள் என்றார்கள், கல்லூரியில் வங்கியில் கேள் என்றார்கள். சரி என்று ஒருநாள் கடையில் பெர்மிஷன் சொல்லிவிட்டு நானும் போனேன். "ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டதும் விஷயம் தெரிந்துவிட்டது. பள்ளியில் படிக்கும்போது உதவித்தொகைக்காகத் திறந்த பழைய கணக்கோடு ஆதார் இணைந்திருந்தது, அந்தக் கணக்கோ பல வருடமாக முடங்கிக் கிடந்தது. ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் பணம் வரும் என்பது தெரிந்திருந்தால் அத்தனை அலைச்சல் இல்லை. சாப்பாட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் அப்பாவிடம் கேட்கக் கூசுகிற பையனுக்கு மாதம் 1000 ரூபாய் சின்னப் பணம் இல்லை.

அன்று கவுன்ட்டரில் நான் பேசினேன், அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த முறை அவனைப் பேசச் சொல்லிவிட்டு நான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அதற்கப்புறம் எந்த வேலையானாலும் இதே முறைதான் எங்களுக்கு. ஆரம்பத்திலிருந்தே தனியாக அனுப்பினால் பாதியில் திரும்பி வந்துவிடுவான். எல்லாவற்றையும் நாமே முடித்துக் கொடுத்தால் மூன்று வருடமும் நம் பின்னாலேயே நிற்பான்.

படிப்புக்கு வருகிறேன். கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வில், கால்குலஸில் பாஸ் மார்க்கைத் தொடவில்லை. வீட்டில் சொல்லவில்லை. லீவு என்று சொல்லிவிட்டு அப்பா கூடப் பட்டறைக்குப் போய், டைல்ஸ் வார்க்கிற கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். சித்திக்கு மனசு கேட்காமல் எனக்கு போன் செய்தார். நான் போய்க் கேட்டதற்கு, "எனக்கு இது செட் ஆகாதுக்கா. சிங்கப்பூருக்கு ஆள் எடுக்கிறாங்களாம்" என்றான். பள்ளியில் கணக்குக்காகவே பெயர் வாங்கிய பிள்ளை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

விடைத்தாளைக் கொண்டுவரச் சொன்னேன். மார்க்கைப் பார்த்ததோடு மடித்துவைத்தவன், உள்ளே பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு அந்தக் கணக்குகள் தெரியாது, நான் படித்தது பி.காம். ஆனாலும் ஒன்று கண்ணில் பட்டது. போட்ட வரையில் பெரும்பாலும் டிக் இருந்தது. பல கேள்விகளில் இரண்டாம் பாதியைத் தொடவே இல்லை. ஏன் என்றால், என்ன கேட்டிருக்கிறார்கள் என்றே ஆங்கிலத்தில் புரியவில்லை என்றான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். அவனுக்குக் கணக்கு தெரிந்திருந்தது, கேள்விதான் தெரியவில்லை.

அதற்குச் செலவில்லாத ஒரு வழி இருந்தது. அரசுப் பாடநூல் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வருகிறது; பாட வரிசையும் ஒன்றேதான், இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம். ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை எடுத்து, கலப்பு எண்கள் பாடத்திலிருந்து தமிழ்ப் புத்தகத்தோடு சேர்த்துவைத்துப் படித்தான். தெரிந்த கணக்கு என்பதால் ஆங்கிலம் மட்டும்தான் புதிது. தினமும் இரவில் கொஞ்ச நேரம். செமஸ்டர் பரீட்சை வருவதற்குள் கேள்வித்தாள் அவனைப் பயமுறுத்துவது நின்றுவிட்டது.

இதைவிடக் கஷ்டமாக இருந்தது ஸ்டாஃப் ரூமுக்குள் போவது. விடைத்தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியரைப் போய்ப் பார் என்றேன். வாசல் வரை போய்விட்டு, சார் போனில் பேசிக்கொண்டிருந்தார் என்று திரும்பி வந்தான். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் அப்பத்தா காலத்திலிருந்தே பெரிய வீடுகளுக்கு வேலைக்குப் போன குடும்பம். கூப்பிடாமல் முகப்பைத் தாண்டி வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்துக்குள், போகக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். அப்படி வளர்ந்த பையன் ஒரு பேராசிரியர் மேஜைக்கு முன்னால் தானாகப் போய் நின்றுவிடுவானா? இதைக் கூச்ச சுபாவம் என்று சொல்லி ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

என்ன கேட்பது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். "சார், இந்தக் கணக்கு எந்த வரி வரைக்கும் சரி? இதற்கு மேல் எப்படிப் போக வேண்டும்?" இவ்வளவுதான். கல்லல் என்ற ஊரிலிருந்து வரும் ஒரு பையனும் இதே தவிப்பில் இருந்தான், அவனையும் சேர்த்துக்கொண்டு போகச் சொன்னேன். இரண்டு பேராகப் போனதில் கால் நடுங்கவில்லையாம். அவர் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "இத்தனை நாளா ஏம்ப்பா வரலை?" என்று கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்தே எனக்கு போன். குரலே வேறாக இருந்தது. ஆசிரியர்கள் உதவ மாட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. வருகிறவனுக்கு உதவத் தயாராகத்தான் இருக்கிறார்கள். வரத் தெரியாதவனை அவர்களே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் எவ்வளவோ பிள்ளைகள் தப்பிப்பார்கள்.

மாசி பங்குனியில் ஊரில் காப்புக் கட்டிய நேரத்தில் இன்டர்னல் வந்தது. பால்குடத்தன்று ஒரு தேர்வு. முன்பு போல இருந்திருந்தால் பேசாமல் லீவு போட்டிருப்பான். இந்தத் தடவை ஒரு வாரம் முன்பே துறையில் சொல்லி, மறுதேர்வுக்கு எழுதிக் கொடுத்து வந்தான். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்பதையும் அவனே கேட்டுக்கொண்டு வந்திருந்தான்.

பெற்றோர் கூட்டத்துக்குச் சித்தப்பாவை அழைத்துப்போனது நான்தான். ஒருநாள் கூலி போகும், அதோடு "நான் வந்து என்னத்தப் பேச" என்று தயக்கம். துறைத் தலைவர் அவரிடம் மார்க்கைப் பற்றி மட்டும் பேசவில்லை. சுடாமலேயே ஆத்தங்குடி டைல்ஸுக்கு அந்தப் பளபளப்பு எப்படி வருகிறது என்று கேட்டார். கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றுவதையும், அதன் மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்குவதையும், தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பதையும் சித்தப்பா நிதானமாகச் சொன்னார். அதற்குப் பிறகு "ஏன் இவ்வளவு நேரம்?" என்று பையனிடம் கேட்பது குறைந்து, "சாரைப் பார்த்தியா?" என்று கேட்க ஆரம்பித்தார். வீடு கல்லூரியைப் பற்றி இப்படிக் கேட்கத் தொடங்குவது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

முதல் வருடத்தில் அல்லைடு பேப்பர், அதாவது துணைப்பாடம், ஒன்று அரியர் விழுந்தது. அடுத்த செமஸ்டரோடு சேர்த்து எழுதிப் பாஸ் ஆகிவிட்டான். இப்போது எங்கள் தெருவில் பிளஸ் டூ எழுதப் போகிற ஒரு பெண்ணுக்கு இவன்தான் இ-சேவை மையத்துக்குக் கூடப் போகிறான்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு மே மாதம் விண்ணப்பம் தொடங்குவதற்கு முன்பே மூன்று காரியங்களை முடித்து வையுங்கள். ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். வருமானச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் புதிதாக எடுங்கள். அப்புறம், அதே கல்லூரியில் அதே பாடம் படிக்கிற ஒரு சீனியரின் போன் நம்பரை வாங்கிக் கொடுங்கள்.