2026 பேஸ்பால் பருவம்: பட்டியலைக் கணிப்பதும் பட்டத்தைக் கணிப்பதும்

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் பருவம் தொடங்குகிறது. அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு லீக்குகளாகவும், ஒவ்வொரு லீக்கிலும் கிழக்கு, மத்திய, மேற்கு என்ற மூன்று பிரிவுகளாகவும் பிரிந்திருக்கும் முப்பது அணிகளும் அணிக்கு 162 ஆட்டங்கள் வீதம் செப்டம்பர் இறுதிவரை ஆடும். அதன் பிறகு லீக்குக்கு ஆறு வீதம் பன்னிரண்டு அணிகள் மட்டும், கோப்பைக்கான வெளியேற்றுத் தொடர்கள் நடக்கும் அக்டோபருக்குள் நுழையும். எந்த அணி எந்த இடத்தில் முடிக்கும், கோப்பை யாருக்குப் போகும் என்று பருவம் தொடங்குவதற்கு முன்பே எழுதிவைப்பது இந்த ஆட்டத்தைப் பின்தொடர்பவர்களின் நெடுநாள் வழக்கம். இவை ஒரே கேள்வியின் இரண்டு பாதிகள் என்று பலர் எண்ணுகிறார்கள். என் பார்வையில் இவை வேறு வேறு கேள்விகள். ஒன்றுக்கு விடை தேடும் வழி மற்றொன்றுக்கு அவ்வளவாக உதவாது. இந்தப் பதிவில் இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன்.

வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டிக் காலையில் நடக்கும் நண்பர்களிடம் பேஸ்பால் பற்றிப் பேசினால், பேச்சு உடனே ஐபிஎல் பக்கம் திரும்பிவிடும். அந்த ஒப்பீட்டையே நான் இங்கும் பயன்படுத்திக்கொள்கிறேன். ஐபிஎல் லீக் சுற்றில் ஓர் அணிக்குப் பதினான்கு ஆட்டங்கள். அதில் இரண்டு ஆட்டம் கடைசிப் பந்தில் கைமாறினால் நான்காம் இடமும் எட்டாம் இடமும் இடம்மாறிவிடும். 162 ஆட்டங்களில் அப்படி நடப்பது கடினம். ஆயினும் அங்கும் அதிர்ஷ்டத்துக்குப் பங்குண்டு. சரிபாதி வலிமையுள்ள ஓர் அணி 81 ஆட்டங்களை வெல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வெறும் தற்செயலால் மட்டுமே அது ஆறு வெற்றி கூடவோ குறையவோ முடிப்பது மிகச் சாதாரணம். ஆகவே 75 வென்ற அணிக்கும் 87 வென்ற அணிக்கும் உண்மையில் வேறுபாடே இல்லாமல் இருக்கக்கூடும். சென்ற ஆண்டுப் பட்டியலை அப்படியே எடுத்து இரண்டு பெயர்களை மட்டும் மாற்றி எழுதும் கணிப்புகளை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

நம்ப வேண்டியது ஓட்ட வித்தியாசத்தை. பாலாற்றில் மேலே மணல்தான் தெரியும், தோண்டினால்தான் ஊற்று. அதுபோல வெற்றி தோல்விக் கணக்கின் அடியில் ஓடுவது, ஓர் அணி எடுத்த ஓட்டங்களுக்கும் விட்டுக்கொடுத்த ஓட்டங்களுக்கும் உள்ள இடைவெளி. பில் ஜேம்ஸ் என்ற புள்ளியியல் ஆய்வாளர் இதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தார். எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்ததன் வர்க்கமும் விட்டதன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 2025-ல் டொரொன்டோ ப்ளூ ஜேஸ், நியூயார்க் யாங்கீஸ் ஆகிய இரண்டு அணிகளும் 94 வெற்றி, 68 தோல்வி என்று சமமாக முடித்தன. தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் டொரொன்டோ முந்தியிருந்ததால் பிரிவுப் பட்டம் அதற்குக் கிடைத்தது. ஆனால் யாங்கீஸின் ஓட்ட வித்தியாசம் 160-ஐத் தாண்டியது. டொரொன்டோவினுடையது 80-ஐக்கூட எட்டவில்லை. சூத்திரத்தின்படி யாங்கீஸ் 98 அளவிலும், டொரொன்டோ 89 அளவிலும் முடித்திருக்க வேண்டும்.

டொரொன்டோவில் வேலை பார்க்கும் என் தங்கை மகனிடம் இதைச் சொன்னபோது, “மாமா, நீங்க ஓட்டத்தை எண்ணுறீங்க, நான் ஆளைப் பார்க்கிறேன். கடைசி ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸ் வரைக்கும் போச்சு, அதை எந்தச் சூத்திரத்துல போடுவீங்க?” என்று கேட்டான். சென்ற ஆண்டு உலகத் தொடரில், அதாவது இரண்டு லீக் வெற்றியாளர்களும் கோப்பைக்காக மோதும் தொடரில், டொரொன்டோ லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸிடம் தோற்ற ஏழாவது ஆட்டத்தைத்தான் சொல்கிறான்; வழக்கமாக ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை அக்டோபர் பற்றி எழுதும் இடத்தில் சொல்கிறேன்.

அமெரிக்கன் லீக்கின் கிழக்குப் பிரிவில் யாங்கீஸை முதலிடத்தில் வைக்கிறேன். சென்ற ஆண்டு மட்டைவீச்சில் .331 சராசரியும் 53 ஹோம் ரன்களும் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே பறக்கும் அடிகள்) எடுத்து மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்ற ஆரன் ஜட்ஜ் இருக்கிறார். முழங்கை அறுவை சிகிச்சையால் 2025 முழுவதையும் இழந்த கெரிட் கோல் இந்தப் பருவத்தின் நடுவில் திரும்பக்கூடும். டிலன் சீஸை வாங்கியிருக்கும் டொரொன்டோ இரண்டாவது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் மூன்றாவது, பீட் அலோன்ஸோவைச் சேர்த்துக்கொண்ட பால்டிமோர் ஓரியோல்ஸ் நான்காவது, டாம்பா பே ரேஸ் ஐந்தாவது. முதல் மூன்று அணிகளும் அக்டோபருக்குள் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

மத்தியப் பிரிவில் டெட்ராய்ட் டைகர்ஸ் முதலிடம் பெறும். சென்ற ஆண்டு கிளீவ்லாந்து கார்டியன்ஸ் பதினைந்தரை ஆட்டங்கள் பின்தங்கியிருந்து டெட்ராய்ட்டைக் கடந்து பட்டம் வென்றது. பிரிவு முறை வந்ததிலிருந்து அவ்வளவு பெரிய இடைவெளியை எந்த அணியும் கடந்ததில்லை. அந்த வீரத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் பருவம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் கிளீவ்லாந்து எடுத்த ஓட்டங்களைவிட விட்ட ஓட்டங்கள் அதிகம். அப்படி ஓர் அணி இரண்டாம் முறையும் 88 வெற்றியை எட்டும் என்று எதிர்பார்ப்பது தர்க்கத்துக்குப் பொருந்தாது. டெட்ராய்ட்டில் டாரிக் ஸ்கூபலும், ஹூஸ்டனிலிருந்து வந்திருக்கும் ஃபிராம்பர் வால்டெஸும் ஒரே அணியில் பந்து வீசுகிறார்கள். பாபி விட் ஜூனியரின் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் இரண்டாவது, கிளீவ்லாந்து மூன்றாவது, மினசோட்டா ட்வின்ஸ் நான்காவது, சிகாகோ வொயிட் சாக்ஸ் கடைசி.

மேற்குப் பிரிவில் சியாட்டில் மரினர்ஸ். முப்பது அணிகளில் உலகத் தொடருக்குள் ஒருமுறைகூட நுழையாத ஒரே அணி இதுதான். 1977 முதல் காத்திருக்கிறது. சென்ற அக்டோபரில் லீக் இறுதியின் ஏழாவது ஆட்டத்தில், ஏழாவது இன்னிங்ஸில் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன்னால் அந்த வாசல் மீண்டும் மூடப்பட்டது. 60 ஹோம் ரன் அடித்த கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போன்றவர்) கேல் ராலி, ஹூலியோ ரொட்ரிகஸ், பந்துவீச்சில் கில்பர்ட், கர்பி, வூ என்று முதுகெலும்பு அப்படியே இருக்கிறது. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் இரண்டாவது. ஆறாவது அணியாக அக்டோபருக்குள் வர அதற்கும் கான்சஸ் சிட்டிக்கும் போட்டி இருக்கும், நான் கான்சஸ் சிட்டியைத் தேர்கிறேன். ஹூஸ்டன், அத்லெடிக்ஸ், ஏஞ்சல்ஸ் என்பது மீதி வரிசை.

நேஷனல் லீக்கில் என்னை அதிகம் சிந்திக்கவைப்பது மத்தியப் பிரிவு. மில்வாக்கி புரூவர்ஸ் 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அப்பிரிவை வென்றிருக்கிறது. சென்ற ஆண்டு 97 வெற்றிகளுடன் முப்பது அணிகளிலும் முதலாவதாக வந்தது. சிறிய நகரம், சிறிய வருவாய், பெரிய நட்சத்திரங்களைக் கொடுத்துவிட்டு இளைஞர்களை வாங்கிக்கொள்ளும் நிர்வாகம். ஒவ்வொரு மார்ச் மாதமும் கணினிக் கணிப்புகள் இந்த அணியைக் குறைத்தே மதிப்பிடுகின்றன. ஏனென்றால் அவை தனித்தனி வீரர்களின் மட்டைவீச்சையும் பந்துவீச்சையும் கூட்டி அணியின் வலிமையைக் காண்கின்றன. மில்வாக்கியின் வலிமையோ பந்துத் தடுப்பிலும், பேஸ்களுக்கு இடையே ஓடும் ஓட்டத்திலும், யாரை எந்த நேரத்தில் களமிறக்குவது என்ற பயிற்சியாளர் பாட் மர்ஃபியின் முடிவுகளிலும் பரவிக் கிடக்கிறது. வெற்றிகளுக்கு ஈடான ஓட்ட வித்தியாசமும் அதற்கு இருந்தது. முதன்மைப் பந்துவீச்சாளர் ஃபிரெடி பெரால்ட்டா நியூயார்க் மெட்ஸுக்குப் போய்விட்டார், அலெக்ஸ் பிரெக்மன் சிகாகோ கப்ஸுக்கு வந்துவிட்டார் என்பதால் பலர் கப்ஸை முதலிடத்தில் வைப்பார்கள். நான் மில்வாக்கியையே வைக்கிறேன்; கப்ஸ் ஓரிரு ஆட்டங்கள் பின்னால் வந்து, பிரிவை வெல்லாத அணிகளுக்கான அக்டோபர் இடமான வைல்டு கார்டைப் பெறும். அடுத்து சின்சினாட்டி ரெட்ஸ், பால் ஸ்கீன்ஸின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்.

கிழக்கில் கைல் ஷ்வார்பரைத் தக்கவைத்துக்கொண்ட பிலடெல்பியா ஃபில்லிஸ், பின்பு மெட்ஸ். அட்லாண்டா பிரேவ்ஸ் சென்ற ஆண்டு 76 வெற்றிகளில் நின்றதற்குக் காயங்களே பெருங்காரணம் என்பதால், அவ்வணி எழும்; ஆனால் மூன்றாம் இடத்துக்கு மேல் எழாது. மயாமி, வாஷிங்டன் அடுத்தடுத்து. மேற்கில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் கடந்த பதின்மூன்று ஆண்டுகளில் பன்னிரண்டு முறை பிரிவை வென்றிருக்கிறது; தவறிய ஒரே ஆண்டான 2021-லும் அது 106 ஆட்டங்களை வென்றது, சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 107 வென்றது. இப்போது கைல் டக்கரும் எட்வின் டியாஸும் வேறு சேர்ந்திருக்கிறார்கள். சான் டியாகோ பாட்ரெஸ் இரண்டாவதாக வந்து கடைசி வைல்டு கார்டைப் பெறும். அரிசோனா, சான் பிரான்சிஸ்கோ அதன் பின். 2025-ல் 119 ஆட்டங்களைத் தோற்ற கொலராடோ ராக்கீஸ் மீண்டும் கடைசி, ஆனால் இம்முறை நூறை ஒட்டிய தோல்விகளே இருக்கும்.

ஒரு விதி மாற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீசிய பந்து மட்டையாளர் அடிக்க வேண்டிய எல்லைக்குள் வந்ததா (ஸ்டிரைக்), விலகிப் போனதா (பால்) என்ற நடுவரின் தீர்ப்பை எதிர்த்துக் கருவியிடம் முறையிடும் உரிமை இந்த ஆண்டு முதல் வருகிறது. அணிக்கு இரண்டு முறையீடுகள். முறையீடு சரியாக அமைந்தால் அந்த வாய்ப்பு கையிலேயே இருக்கும். கிரிக்கெட்டின் டிஆர்எஸ் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. பந்தை வாங்கும் விதத்தால் நடுவரை நம்பவைக்கும் கேட்சர்களின் மதிப்பு சற்றே குறையும். பட்டியலை மாற்றும் அளவுக்கு அது இருக்காது என்று நினைக்கிறேன்.

இனி அக்டோபர். ஒவ்வொரு லீகிலும் மூன்று பிரிவு வெற்றியாளர்களும் மூன்று வைல்டு கார்டு அணிகளும் வரும். முதலிரண்டு இடத்தார் முதல் சுற்றை ஆட வேண்டியதில்லை. சுற்றுகள் முறையே மூன்று, ஐந்து, ஏழு, ஏழு ஆட்டத் தொடர்கள். எதிரில் வரும் ஒவ்வோர் அணியையும் நூற்றுக்கு 55 முறை வெல்லும் வலிமை ஓர் அணிக்கு இருக்கிறது என்று கொள்வோம். நல்ல அணிகளுக்கிடையே அது பெரிய அனுகூலம். அப்போதும் ஏழு ஆட்டத் தொடரை அது வெல்லும் வாய்ப்பு 61 விழுக்காடுதான், ஐந்து ஆட்டத் தொடரை வெல்வது 59 விழுக்காடு. முதல் சுற்றைத் தாண்டி நேரே நுழைந்தால் மூன்று தொடர்களையும் பெருக்கிக் கிடைப்பது 22 விழுக்காடு. முதல் சுற்றையும் ஆட நேர்ந்தால் 13 விழுக்காட்டுக்கும் கீழே. முப்பது அணிகளிலும் மிக வலிய அணி என்று ஐயமின்றித் தெரிந்தாலும், கோப்பை அதற்குக் கிடைக்காமல் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

வரலாறும் இதையே காட்டுகிறது. 2001-ல் 116 ஆட்டங்களை வென்ற சியாட்டில் உலகத் தொடரை எட்டவே இல்லை; 2006-ல் 83 மட்டுமே வென்ற செயின்ட் லூயிஸ் கோப்பையை எடுத்தது. சென்ற ஆண்டுப் பருவத்தில் டாட்ஜர்ஸுடன் ஆடிய ஆறு ஆட்டங்களையும் மில்வாக்கி வென்றிருந்தது. அக்டோபரில் அதே டாட்ஜர்ஸிடம் நான்கு ஆட்டங்களையும் தோற்றது, ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஓட்டம் எடுத்து.

தற்செயல் மட்டும் இதற்குக் காரணமல்ல. 162 ஆட்டங்களுக்கு ஐந்து தொடக்கப் பந்துவீச்சாளர்கள் சுழற்சியில் வேண்டும். காயம்பட்டால் இறக்க ஆறாமவர், ஏழாமவர், எட்டாமவர் வேண்டும். அக்டோபரில் ஓய்வு நாட்கள் வருவதால் மூன்று நான்கு பேர் போதும். ஆகவே ஆழமுள்ள அணி பட்டியலை வெல்லும், உச்சியில் உயரமுள்ள அணி கோப்பையை வெல்லும். என் மருமகனின் கேள்விக்குப் பதிலும் இதுவே. ஓட்ட வித்தியாசம் அணி முழுவதையும் அளக்கிறது. ஏழாவது ஆட்டத்தில் களத்தில் நிற்பது அணியின் ஒரு பகுதி. டாட்ஜர்ஸ் 93 ஆட்டங்களை மட்டுமே வென்று, முதல் சுற்றிலிருந்தே ஆடி, பட்டத்தைத் தக்கவைத்ததற்கு யோஷினோபு யாமமோட்டோ உலகத் தொடரில் பெற்ற மூன்று வெற்றிகளே விளக்கம். ஷோஹேய் ஓட்டானி மில்வாக்கிக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் ஓட்டமே கொடுக்காமல் ஆறு இன்னிங்ஸ் வீசி, பத்துப் பேரை வெளியேற்றி, மூன்று ஹோம் ரன்களும் அடித்தாரே, அந்த ஒரு மாலையை எந்தப் பருவச் சராசரியும் முன்கூட்டிச் சொல்லாது.

அமெரிக்கன் லீக்கை சியாட்டில் வெல்லும் என்றும், நேஷனல் லீக்கை டாட்ஜர்ஸ் வெல்லும் என்றும் எழுதிவைக்கிறேன். என் மனம் சியாட்டில் பக்கம்தான். விடிகாலை நான்கரைக்குத் தொடங்கும் நியூயார்க் ஆட்டங்களைவிட, வேலூரில் காலை உணவு நேரத்துக்கு வரும் அவர்களுடைய ஆட்டங்களையே நான் அதிகம் பார்க்கிறேன். ஆயினும் விருப்பத்தைக் கணிப்பாக எழுதுவது முறையல்ல. நேஷனல் லீக் அணி எதுவும் இதுவரை மூன்று உலகத் தொடர்களை அடுத்தடுத்து வென்றதில்லை. 2024, 2025 கோப்பைகளை வென்ற டாட்ஜர்ஸ், இந்த ஆண்டு இறுதித் தொடரை ஆறு ஆட்டங்களில் முடித்து அதைச் செய்யும் என்பது என் கணிப்பு. இதில் எனக்குள்ள நம்பிக்கை நான்கில் ஒரு பங்கு. மீதி மூன்று பங்கில் பெரும்பகுதியை யாங்கீஸ், சியாட்டில், டெட்ராய்ட், பிலடெல்பியா, மில்வாக்கி ஆகிய ஐந்துக்கும் பகிர்ந்து கொடுக்கிறேன். அந்த ஐந்தில் சியாட்டிலுக்கு மற்றவற்றைவிடச் சற்றுக் கூடுதலாகவே கொடுக்கிறேன்.