58 வயது வரைக்கும் எவ உக்காருவா?

பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போன பெண்கள் யாரிடமாவது 2016 ஏப்ரலைப் பற்றிக் கேட்டால், எந்த ரோட்டில் உட்கார்ந்தோம், யாரெல்லாம் பக்கத்தில் இருந்தார்கள் என்பது வரை சொல்வார்கள். வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) பணத்தை எடுக்கக் கட்டுப்பாடு போட்ட மத்திய அரசு உத்தரவை எதிர்த்து நடந்த போராட்டம் அது, 18, 19 என இரண்டே நாள்தான். ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளியில் தொடங்கி, ஜாலஹள்ளி, பீன்யா, மைசூர் ரோடு என்று தையல் ஆலைகள் இருக்கும் பக்கமெல்லாம் பரவியது. எந்தச் சங்கமும் அழைக்கவில்லை, எந்தத் தலைவரும் மேடை போடவில்லை. 19ஆம் தேதி மத்திய அரசு முதலில் உத்தரவை ஜூலை கடைசி வரை தள்ளிவைப்பதாகச் சொல்லிப் பார்த்தது. அது எடுபடாமல் போகவே, அப்போது தொழிலாளர் துறை அமைச்சராக இருந்த பண்டாரு தத்தாத்ரேயா அன்றைக்கே அதை மொத்தமாக வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். ஒரு மத்திய அரசு உத்தரவை இரண்டு நாளில் திரும்பப் பெற வைத்தவர்கள் மாதம் ஏழாயிரம் சொச்சம் சம்பளம் வாங்கிய தையல் பெண்கள் என்பதை நான் இன்றும் பெருமையாகத்தான் சொல்வேன்.

உத்தரவு என்னவென்றால், வேலையை விட்டவர்கள் பி.எஃப். கணக்கிலிருந்து தங்கள் பங்கையும் அதற்கான வட்டியையும் மட்டும்தான் எடுக்கலாம், முதலாளி கட்டிய பங்கு 58 வயதில்தான் கிடைக்கும். 2016 பிப்ரவரி 10ஆம் தேதி வந்த அறிவிப்பு இது. அதே மாதக் கடைசியில் பட்ஜெட்டில் பி.எஃப். எடுக்கும்போது அறுபது சதவீதத் தொகைக்கு வரி என்று அருண் ஜெட்லி சொன்னதற்குத் தொலைக்காட்சிகளில் எவ்வளவு சத்தம்! மார்ச் 8ஆம் தேதியே அதைக் கைவிட்டார்கள். ஆபீஸ் வேலைக்காரர்களின் பிரச்சினை தீர்ந்ததும் எல்லாரும் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். இந்தப் பிப்ரவரி அறிவிப்பைப் பற்றிப் பேச ஆளில்லை.

நான் அப்போது ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு தையல் ஆலையில் டைம் ஆபீஸில், அதாவது வருகைப் பதிவு பார்க்கும் பிரிவில், இருந்தேன். தமிழும் கன்னடமும் எழுத வரும் என்பதால் பி.எஃப். படிவங்கள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். பி.எஃப்.புக்குப் படிவம் 19, பென்ஷன் பணத்துக்கு 10சி. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், மண்டியா, ராமநகரிலிருந்து வந்த கன்னடப் பெண்கள், எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். பணம் எதற்கு என்று படிவத்தில் கேட்பதில்லை, ஆனால் அவர்களாகவே சொல்வார்கள்: மகள் பிரசவம், அடகில் இருக்கும் செயின், வட்டிக்காரனுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, லீஸுக்கு வீடு பிடிக்க ஒரு தொகை. சம்பளத்தில் மிச்சம் பிடிக்க வழியே இல்லாதவர்களுக்கு அவர்கள் கையைக் கேட்காமலே மிச்சமாகும் ஒரே பணம் இதுதான். அதற்காகவே வேலையை விடுவார்கள், இரண்டு மாதம் காத்திருந்து பணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெரு ஆலையில் புதிதாகச் சேருவார்கள். இதைச் சேமிப்புப் பழக்கம் இல்லாதது என்று படித்தவர்கள் எழுதுவதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏழாயிரம் சம்பளம் என்றால் 12 சதவீதம், அதாவது 840 ரூபாய், தொழிலாளியிடம் பிடிப்பார்கள். முதலாளி கட்டும் 840இல் 583 பென்ஷனுக்குப் போய்விடும், மீதி 257தான் பி.எஃப். கணக்கில் சேரும். அரசு நிறுத்திவைக்கப் பார்த்தது இந்த 257ஐத்தான். ஐந்து வருடத்துக்கு வட்டி இல்லாமல் 15,420 ரூபாய். டெல்லியில் உட்கார்ந்து பார்த்தால் சின்னத் தொகை. இங்கே அது இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல், ஒரு பிரசவச் செலவு.

எங்கள் லைனில் வேலை பார்த்த ஒரு ஹெல்பர் அக்கா, பாலக்கோட்டுக்காரர், என்னிடம் கேட்டது இது: "பாப்பா, அம்பத்தெட்டு வயசு வரைக்கும் இந்தக் கார்மெண்ட்ஸ்ல எவ உக்காருவா? நாப்பது தாண்டினாலே பீஸ் வரல, பார்வை பத்தலன்னு அனுப்பிடுறாங்களே?" இதைவிடத் தெளிவாக அந்த உத்தரவை விமர்சித்த ஒரு கட்டுரையை நான் படித்ததில்லை. யாரையும் 58 வரை வைத்துக்கொள்ளாத ஒரு தொழிலில் 58 வயதுக்குப் பணத்தைப் பூட்டுவது என்றால் அது யாருடைய பணம்?

அந்த அக்கா கேட்டதை நூறு பேர் கேட்டிருந்தார்கள். விஷயம் கன்னடப் பத்திரிகையில் வந்ததும் அந்தத் தாள் லைன் லைனாகக் கை மாறியது, கம்பெனி பஸ்ஸில், தண்ணீர்க் குழாயடியில், வாடகைக் குடியிருப்பின் மாடிப்படியில் எல்லாம் இதே பேச்சு. 19ஆம் தேதி எங்கள் ஆலையில் மெஷின் சத்தம் நின்றபோது சூப்பர்வைசர்கள்தான் திகைத்தார்கள்.

தொலைக்காட்சியில் எரியும் பஸ்களையும் ஹெப்பகோடி போலீஸ் ஸ்டேஷனையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தீ வைத்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தடியடியும் கண்ணீர்ப்புகையும் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ரோட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள். மறுநாள் கை வீங்கி வந்தவர்களை நான் பார்த்தேன். அந்த வீக்கத்தோடுதான் டார்கெட் முடித்தார்கள்.

அதைத் 'திடீர்ப் போராட்டம்' என்று எழுதுகிறார்கள், அது எனக்கு ஒத்துவரவில்லை. 1930இல் கோலார் தங்கவயலில், பெரும்பாலும் தமிழ்த் தலித்துகளான சுரங்கத் தொழிலாளர்கள், கைரேகைப் பதிவை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். அப்போதும் சங்கம் கிடையாது. குற்றவாளியைப் போல விரலை மையில் அழுத்தச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குப் புரிய யாரும் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை. மறுபக்கம், இதே பெங்களூரில் 1980 டிசம்பர் கடைசியில் தொடங்கி 77 நாள் நடந்த பொதுத்துறை வேலைநிறுத்தம். எச்.ஏ.எல்., பி.இ.எல்., எச்.எம்.டி., ஐ.டி.ஐ., பி.இ.எம்.எல். என்று ஐந்து பெரிய ஆலைகள், கூட்டு முன்னணி, தலைவர்கள், கூட்டங்கள் எல்லாம் இருந்தன. என் பெரியப்பா அதில் இருந்தவர், அரிசிக்குக் கடன் வாங்கிய கதையெல்லாம் சொல்வார். பி.எச்.இ.எல். என்ற இன்னொரு பொதுத்துறை நிறுவனத்தின் ஊழியர்களுக்கு இணையான சம்பளம் கேட்டுப் போனவர்கள், பெரிதாக ஒன்றும் கிடைக்காமல் மார்ச்சில் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனாலும் அவருக்கு அந்தப் போராட்டத்தில் பெயர் இருக்கிறது, பழைய போட்டோ இருக்கிறது. கார்மெண்ட்ஸ் பெண்கள் ஜெயித்தார்கள், ஆனால் அவர்களில் ஒருவர் பெயர்கூட வெளியே தெரியாது. சங்கம் தேவையில்லை என்று இதை வைத்து வாதிடுபவர்களோடு நான் சேரவில்லை. சங்கம் வலுவாக இருந்திருந்தால், நாலரை வருடத்தில் ராஜினாமா எழுதி வாங்கி, ஐந்து வருடம் முடித்தால் தர வேண்டிய பணிக்கொடையான கிராஜுவிட்டியைத் தராமல் அனுப்பும் வேலையையும் அன்றைக்கே பேசியிருக்கலாம். அந்தக் காகிதங்களும் என் மேஜை வழியாகத்தான் போயின, ஐந்து வருடம் முடிய சில மாதம் இருக்கும்போது.

2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு எடுத்த முடிவுகளைப் படித்தபோது இதெல்லாம் மறுபடி நினைவுக்கு வந்தது. பல விதிகளைச் சுலபமாக்கினார்கள், அது நல்லதுதான். ஆனால் கணக்கில் கால் பங்கு எப்போதும் இருக்க வேண்டும், வேலை போனவர் முழுப் பணத்தையும் முடித்து எடுக்க இரண்டு மாதத்துக்குப் பதில் 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. முக்கால் பங்கை உடனே எடுக்கலாமே என்று சொல்கிறார்கள். மீதிக் கால் பங்குக்காக ஒரு வருடம் வேறு ஆலையில் சேராமல் எந்தத் தையல் பெண்ணால் இருக்க முடியும்? இந்தக் கேள்வியை அந்தக் குழுவில் யாராவது கேட்டார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.