மெயின் ஜெட் 125-லிருந்து 130: எத்தனால் பெட்ரோலில் அம்பாசிடர்

எத்தனால் கலந்த பெட்ரோலில் என் அம்பாசிடர் சேலத்தில் திணறிக்கொண்டிருந்தது. மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துளையை, மாற்றிய பிறகு வண்டி ஏற்காட்டில் மட்டுமல்ல, சேலத்திலும் ஒழுங்காக ஓடுகிறது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி, எஞ்சின் ஆறுவதற்குள் ஓமலூர் சாலையில் விட்டுப் பார்த்தேன். இடறவில்லை, கார்புரேட்டர் வழியாக வெடிக்கவில்லை. 1978 மார்க் 3, 1489 சிசி, சோலெக்ஸ் கார்புரேட்டர். டைமிங்கை (பிளக் தீப்பொறி விடும் நேரத்தை) தொடவே இல்லை. திணறலுக்கு "டைமிங்தான் கோளாறு" என்று சாதித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எத்தனால் பழைய ரப்பரைக் கெடுத்துவிடும். அதை மாற்றும் வேலையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய பெட்ரோல் ஹோஸ் உள்பக்கம் பிசுபிசுத்து, வெளிப்பக்கம் வெடித்திருந்தது. பெட்ரோல் பம்பின் டயாபிரம் (உள்ளே அசைந்து பெட்ரோலை இழுக்கும் சவ்வு) ஊதி, ஓரத்தில் நெளிந்திருந்தது. எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பர் ரகத்துக்கு மாற்றினேன். ஹோஸ் வாங்கும்போது மேலே ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்6 என்றால் உள்ளே சாதாரண நைட்ரைல் ரப்பர்தான். டயாபிரம் மாட்டும்போது திருகுகளைத் தளர்வாக வைத்து, லீவரை முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிரெதிராக முடுக்க வேண்டும். இல்லையென்றால் டயாபிரம் இழுபட்டு, சீக்கிரம் கிழிந்துவிடும்.

இத்தனை செய்தும் சேலத்தில் வண்டி திணறியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்கி, பிறகுதான் இழுக்கும். பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேரென்று இருக்கும், பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அடையாளம். துப்புக் கிடைத்தது ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பரிடமிருந்து. அவரிடமும் அம்பாசிடர்தான், பெட்ரோலும் சேலத்தில்தான் போடுகிறார். "அண்ணா, மேலே இருக்கும்வரை எந்தத் தொந்தரவும் இல்லை. கீழே இறங்கினால்தான் இருமுகிறது" என்றார். அப்போதே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

முதலில் பெட்ரோலைச் சோதித்தேன். 100 மில்லி அளவுக் குழாயில் 20 மில்லி தண்ணீர், அதன் மேல் 80 மில்லி பெட்ரோல். குலுக்கி, தெளிய விட்டால் எத்தனால் முழுவதும் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பிரியும் கோடு 36-இல் நின்றது. 80-க்கு 16, ஆகவே சரியாக 20 சதவீதம். 2022-இல் நாட்டின் சராசரிக் கலப்பு பத்து சதவீதம்தான். 2023 பிப்ரவரியில் இருபது சதவீத பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. இன்று பங்கில் வேறு எதைக் கேட்டு வாங்குவது?

இனி கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. இருபது சதவீதக் கலப்புக்கு இது 13.5 அளவில் வருகிறது. புதிய வண்டிகளில் சென்சார் பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கொடுக்கும். நம் ஜெட் ஒரு பித்தளைத் துளை, அதற்கு எதுவும் தெரியாது. ஆகவே கலவை ஏறத்தாழ 8 சதவீதம் லீன் ஆகிவிடுகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் குறைவு. கார்புரேட்டர் அந்த அளவுக்கு எரிபொருளைக் குறைக்காது என்பதால் கலவை 6 சதவீதம்போல் ரிச் ஆகிறது, அதாவது பெட்ரோல் மிகுகிறது. எத்தனால் எடுத்ததை மலை திருப்பிக் கொடுத்துவிடுகிறது! நண்பரின் வண்டி மேலே நன்றாக ஓடியதற்குக் காரணம் இதுதான். ஏற்காட்டில் டியூன் செய்து கொண்டுவந்தால் சேலத்தில் உதைக்கும் என்பதும் இதனால்தான்.

என் வண்டியில் இருந்தது 125 ஜெட், அதாவது 1.25 மில்லிமீட்டர் துளை. 130 ஆக்கினால் துளையின் பரப்பு 8 சதவீதம் கூடும். எனக்கு வேண்டியது அச்சொட்டாக அதுதான். ஆனால் கடைகளில் 130 கிடைக்கவில்லை. 135 இருக்கிறது, அது 16 சதவீதத்துக்கு மேல் கூட்டிவிடும், ஏற்காட்டில் கரும்புகை தள்ளும். சென்னையில் ஒரு கடை 130 என்று பொறித்த ஜெட்டை அனுப்பியது. உள்ளே அளந்தால் 1.22 மட்டுமே! எண்ணைப் பொறித்துவிட்டால் துளை பெரிதாகிவிடுமா? பணத்தையும் திருப்பித் தரவில்லை.

கடைசியில் செவ்வாய்பேட்டையில் வெள்ளி வேலை செய்யும் ஒருவரிடம் போனேன். கொலுசு செய்யும் கைக்கு 0.05 மில்லிமீட்டர் என்பது பழகிய அளவு. உதிரியாக இருந்த இன்னொரு 125 ஜெட்டைக் கொடுத்தேன். அவர் அதை 1.28 பிட்டால் கையிலேயே சுற்றித் துளைத்து, மீதியைத் துளையின் சுவரை வழித்தெடுக்கும் நுண்ணிய ரீமரால் எடுத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் பித்தளைத் தூளை ஊதிவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். 1.30 பின் கேஜ் (துளையை அளக்கும் ஊசி) நுழைந்தது, 1.31 நுழையவில்லை. துளையின் வாயில் இருக்கும் சாய்வைத் தொட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அது மாறினால் அளவு சரியாக இருந்தும் பாய்ச்சல் மாறிவிடும். தயவுசெய்து யாரும் கம்பியை விட்டுக் குடைய வேண்டாம். துளை முட்டை வடிவமாகி ஜெட் வீணாகிவிடும்.

கேஜை மட்டும் நம்பாமல் பாய்ச்சலையும் அளந்தேன். அரை மீட்டர் உயரத்தில் தண்ணீர் மட்டம் குறையாமல் வழிந்துகொண்டே இருக்கும்படி ஒரு டப்பா, கீழே ஜெட். 250 மில்லி நிரம்பப் பழைய ஜெட்டுக்கு 87 விநாடி, புதியதற்கு 80. அதை மாட்டி, ஓமலூர் சாலையில் மூன்றாவது கியரில் சீராக இழுக்க விட்டு, கிளட்சை மிதித்து இக்னிஷனை அணைத்து, ஓரம் கட்டிப் பிளக்கைப் பார்த்தேன். நான்கிலும் வெளிர் பழுப்பு, கலவை சரி என்பதற்கு அடையாளம்.

சூட்டில் நிறுத்திவிட்டு உடனே கிளப்பினால் ஏற்படும் தயக்கம் இன்னும் தீரவில்லை. இந்த எஞ்சினில் சைலன்சர் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலோ அந்தச் சூட்டில் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது. இடையில் தடித்த பேக்கலைட் பேக்கிங்கும் ஓர் அலுமினியத் தகடும் வைக்கப் போகிறேன். தகடு வெட்டியாகிவிட்டது. பேக்கலைட்டுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். விட்டான் ஷீட்டையும் நேர்மையான விலைக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது பெட்ரோல் கொடுக்கும் ஐடில் ஜெட்டை இன்னும் மாற்றவில்லை, இப்போதைக்குக் காற்றுத் திருகிலேயே சமாளிக்க முடிகிறது. மழைக்காலத்துக்கு முன் டேங்கைக் கழற்ற வேண்டும். பல வருடத்துப் பிசினை எத்தனால் கரைத்து அனுப்பிக்கொண்டே இருப்பதால், ஃபில்டர் மாற்றிச் சில நாட்களிலேயே சிவந்துவிடுகிறது.