பேராசிரியரிடம் ‘நன்றாகப் பேசினீர்கள்’ என்று சொல்லலாமா?

தென் கொரியாவின் டேஜோன் நகரில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் இது. கருத்தரங்கில் பேராசிரியர் பிரமாதமாகப் பேசியிருப்பார். போய் ஒரு வார்த்தை சொல்ல மனசு துடிக்கும். ‘ஜல்ஹஷியொஸ்ஸொயோ’, அதாவது நன்றாகச் செய்தீர்கள் என்று கொரிய மொழிப் பாடத்தில் படித்திருப்பார்கள். மரியாதை உருபும் இருக்கிறதே, சொல்லிவிடலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கு ‘ஷி’, யாரிடம் பேசுகிறோமோ அவருக்குக் கடைசியில் ‘யோ’ அல்லது ‘ம்னிதா’. எங்கள் கொங்குப் பக்கம் ‘ஐயா வந்தாருங்க’ என்கிறோம் இல்லையா, அதில் ‘ஆர்’ ஐயாவுக்கு, ‘ங்க’ கேட்கிறவருக்கு. அதே கணக்குத்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கொரியத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளின் நோட்டில் ஆசிரியர் ஒரு முத்திரை குத்துவார்: ‘ச்சாம் ஜல்ஹெஸ்ஸொயோ’, ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறாய். அந்த முத்திரையை அறியாத கொரியர் அநேகமாக இருக்க மாட்டார். பெரியவருக்கு நாம் அதையே சொன்னால், எத்தனை ‘ஷி’ சேர்த்தாலும் மார்க் போட்ட மாதிரிதான் காதில் விழும்.

எங்கள் மூத்த மாணவி ஒருத்தி இதைச் செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். உரை முடிந்து பேராசிரியர் மடிக்கணினி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். இவள் ஓர் அடி தள்ளி, கைகளை முன்னால் சேர்த்து வைத்துக் காத்திருந்தாள். அவர் நிமிர்ந்ததும் லேசாகக் குனிந்து, ‘க்யோசுனிம், மானி பேவொஸ்ஸும்னிதா’ என்றாள். பேராசிரியரே, நிறையக் கற்றுக்கொண்டேன். அதோடு விடவில்லை. ஒரு வரைபடத்தில், தானாக இருந்தால் பொருளற்ற இரைச்சல் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஒரு புள்ளியை அவர் விளக்கியதைச் சொல்லி, தன் பழைய தரவுகளையும் திரும்பப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். அவர் ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று கையை ஆட்டினார். ஆனால் சுற்றிய ஒயரை மேசையில் வைத்துவிட்டு, அந்தப் புள்ளியைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார்.

அவர் எப்படிப் பேசினார் என்று அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தனக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் சொன்னாள். கொரியர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் இது. கவனித்துக் கேட்காமல் இப்படிப் பாராட்டவே முடியாது.

‘உங்கள் தயவால்’ என்கிற பொருளில் வரும் ‘தொக்புனே’யும் இதே வகை, தயங்காமல் சொல்லலாம். ‘சுகோ ஹஷியொஸ்ஸும்னிதா’, சிரமப்பட்டு உழைத்தீர்கள் என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘சுகோ’வைப் பெரியவர்களிடம் சொல்வது முறையல்ல என்பது பழைய வழக்கம். தேசிய கொரிய மொழி நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மொழி மரியாதைக் கையேடும் ‘சுகோ ஹஷிப்ஷியோ’வை, அதாவது சிரமப்பட்டு உழையுங்கள் என்பதை, மூத்தவர்களிடம் தவிர்க்கச் சொல்கிறது. அலுவலகங்களில் மேலதிகாரியிடமே பலரும் ‘சுகோ’ சொல்வதைக் கேட்கலாம் என்பதும் உண்மை. நான் பேராசிரியரிடம் சொல்வதில்லை.

சாப்பாட்டுக் கடையில் இவ்வளவு யோசிக்க வேண்டாம். அங்கே நமக்குக் கை கொடுப்பது ‘நேயோ’ என்ற ஈறு. ‘நல்லா இருக்கே!’ என்று சொல்லும்போது வருகிற அந்த ‘ஏ’ போல, இப்போதுதான் உணர்ந்தோம் என்பதைக் காட்டும். நான் போகும் சுந்துபு (மென்மையான டோஃபு குழம்பு) கடை அம்மாவிடம், மண்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வாய் எடுத்துவிட்டு, ‘இமோனிம், சோன்மாஷி ஜோஉஷினேயோ’ என்றேன். அத்தை, உங்கள் கைமணம் அருமை என்று அர்த்தம். ‘ஷி’ இங்கே அவருடைய கைமணத்துக்கே போய்ச் சேருகிறது, அதன் வழியாக அவருக்கு. அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, கேட்காமலேயே இன்னொரு தட்டு முள்ளங்கிக் கிம்ச்சி கொண்டு வந்து வைத்தார்.

முகம் சின்னதாக இருக்கிறது, சருமம் நன்றாக இருக்கிறது என்று உங்களைச் சொன்னால் குழம்ப வேண்டாம், எல்லாம் பாராட்டுத்தான். ரெண்டு வாக்கியம் பேசியதுமே ‘கொரிய மொழி நன்றாகப் பேசுகிறீர்களே’ என்பார்கள். ‘ஆனியேயோ, அஜிக் மொரொஸ்ஸொயோ’, இல்லைங்க, இன்னும் ரொம்ப தூரம் போகணும் என்பது வழக்கமான பதில். இளம் வயதுக்காரர்கள் நேராக ‘கம்சாஹம்னிதா’ என்று நன்றி சொல்லிவிடுகிறார்கள், அதுவும் சரிதான்.