வெளிநாட்டு ஆய்வுக்கு உபகாரச் சம்பளம்: ‘ஏன் அங்கே?’ என்ற கேள்வி

சிங்கப்பூரிலிருந்து வெளிநாட்டில் ஆய்வு செய்ய விண்ணப்பிக்கிறவருக்குத் தலைப்பு நன்றாக இருக்கும், மதிப்பெண்ணும் இருக்கும், ஆனாலும் உபகாரச் சம்பளம் கிடைக்காது. இப்படித் தவறிப்போகிற விண்ணப்பங்கள் பலவற்றில் குறை ஒன்றுதான்: அந்த ஊருக்குப் போயே ஆகவேண்டும் என்பதை அவை காட்டுவதில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழ்த் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். “லண்டனில் உள்ள காலனித்துவ ஆவணங்களைப் பார்வையிடுவேன்” என்று எழுதினால் எடுபடாது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் பற்றிய பிரிட்டிஷ் அரசின் கடிதப் போக்குவரத்து, ‘சிஓ 273’ என்ற கோப்பு வரிசை, லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஆனால் அதன் நுண்படச் சுருள்கள் (மைக்ரோஃபிலிம்) சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக நூலகத்திலேயே உண்டு. தேர்வுக் குழுவில் வரலாறு தெரிந்த ஒருவர் இருந்தால், கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் உள்ள அந்த நூலகத்திலேயே பார்க்க முடிவதற்கு விமானச் சீட்டு எதற்கு என்று கேட்பார். “சிஓ 273-ஐ இங்கேயே படித்துவிட்டேன். ஆட்களை அனுப்பிய சென்னை மாகாண அரசின் கோப்புகள் சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எனக்குத் தேவை அவைதான்” என்று எழுதுங்கள். கேள்விக்கு இடமே இருக்காது. எந்த வரிசை, எந்த ஆண்டுகள் என்றும் குறிப்பிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது, அங்குள்ள கல்வி நிலையத்தின் கடிதம். “வரவேற்கிறோம்” என்ற இரண்டு வரியை நம்பிப் பயனில்லை. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, யார் பொறுப்பு, நூலக அனுமதி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். இந்தியாவில் ஆய்வு செய்யச் சுற்றுலா விசா செல்லாது. ஆய்வு விசாவுக்கு அந்த நிலையத்தின் கடிதத்தைக் காட்டவேண்டும். பேராசிரியர் உடனே சரி சொன்னாலும், பதிவாளர் கையெழுத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆட்களை நேர்காணும் ஆய்வு என்றால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் முன்கூட்டியே வேண்டும். ஒப்புதலுக்கு முன் பதிவுசெய்த பேட்டிகளை ஆய்வில் சேர்க்க முடியாது.

விதிகளை முதலிலேயே படித்துவிடுங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உபகாரச் சம்பளம் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்குத்தான், முனைவர் பட்டத்துக்கு இல்லை; இரண்டாண்டு வேலை அனுபவமும் கேட்பார்கள். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் திட்டத்தில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போகிறவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்கவேண்டும். அதற்குள் அமெரிக்காவின் ஹெச்-1பி வேலை விசா கிடைக்காது. ஐரோப்பாவின் மேரி கியூரி முனைவர் திட்டத்தில், பணியில் சேருமுன் 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் ஆய்வு நடக்கும் நாட்டில் வசித்திருந்தால் தகுதி போய்விடும். ஆர்வத்தில் முன்பே அங்கே குடியேறியவர்களுக்கு இது பெரிய இழப்பு. ஏற்கெனவே அரசாங்கத்துடன் பாண்டு (படிப்புக்குப் பின் வேலை செய்யும் ஒப்பந்தம்) உள்ளவர்கள் ஒப்பந்தம் செய்த அமைப்பிடம் எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும். தேசிய சேவைக் கடப்பாடு உள்ள ஆண்கள், நீண்ட காலத்துக்குப் போகுமுன் எக்ஸிட் பெர்மிட் (நாட்டைவிட்டு வெளியே தங்க அனுமதி) விதியையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பட்ஜெட்டில் ‘தங்குமிடம்’ என்று மொத்தத் தொகை போடாதீர்கள். ஓர் இரவுக்கு எத்தனை வெள்ளி, எத்தனை இரவு, எந்தத் தேதியின் நாணய மாற்று விகிதம் என்று பிரித்துக் காட்டுங்கள். ஆவணக் காப்பகம் திறந்திருக்கும் நாள்களும் கணக்கில் வரவேண்டும்: கியூவில் ஞாயிறும் திங்களும் விடுமுறை, சொந்தக் கேமராவில் படமெடுக்கக் கட்டணம் இல்லை. இதைத் தெரிந்தவர் நகலெடுக்கும் செலவுக்குப் பணம் கேட்கமாட்டார். விமானச் சீட்டுக்கு வேறு நல்கை கிடைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் கொடுங்கள், ஆய்வுத் திட்டத்தின் வரைவையும் சேர்த்து அனுப்புங்கள். “நல்ல மாணவி” என்பதைவிட “பழைய தமிழ்க் கையெழுத்துக் கோப்புகளைத் தடங்கலின்றி வாசிப்பார்” என்ற ஒரு வரிக்குக் குழுவிடம் மதிப்பு அதிகம். விண்ணப்பத்தின் கடைசி நேரம் எந்த நாட்டு நேரம் என்பதையும் பரிந்துரைப்பவருக்குச் சொல்லிவைக்கவேண்டும்: குளிர்காலத்தில் லண்டன் இரவு 11.59 என்றால் சிங்கப்பூரில் மறுநாள் காலை 7.59.